வளர்ற புள்ளன்னு பெரிய வில்லா வாங்கினேன்: 8 மாசமும் 58 ஆயிரமும் போன கதை

எங்க வீட்டு லாஃப்ட்ல, பழைய பாத்திர மூட்டைக்குப் பக்கத்துல ஒரு வில் கெடக்கு. மூணு துண்டா கழட்டி பழைய போர்வைல சுத்தி வச்சிருக்கேன். 35 பவுண்ட் வில், அதாவது நாணை இழுக்க அவ்வளவு பாரம். அதை வாங்கும்போது என் பொண்ணுக்கு 12 வயசு, எடை 34 கிலோ. அப்ப யாராவது ஒருத்தர் என்னை உக்கார வச்சு அரை மணி நேரம் பேசியிருந்தா எட்டு மாசமும் 58 ஆயிரம் ரூபாயும் மிச்சமாயிருக்கும், அதை விட முக்கியமா புள்ள தோள்பட்டை வலில ராத்திரி தூங்காம அழுதிருக்க மாட்டா. எனக்கு சொல்ல ஆள் இல்ல. உங்க வீட்டுல ஒரு புள்ள ஆர்ச்சரி கத்துக்கணும்னு நிக்குதுன்னா காசை எடுத்து நீட்டுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சுருங்க.

நான் கரூர்ல ஒரு டெக்ஸ்டைல் கம்பெனில கணக்கு பாக்குறேன். வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கார், வீட்ல நான், பொண்ணு, என் மாமியார் மூணு பேர்தான். 2024 மே மாச லீவுல ஸ்கூல்ல பத்து நாள் கேம்ப் போட்டாங்க, யோகா, சிலம்பம், அதுகூட வில்வித்தையும். மூங்கில் வில்லு, அஞ்சு மீட்டர் தூரத்துல அட்டைப்பெட்டி. இவ எதுலயும் அவ்வளவு சீக்கிரம் ஒட்ட மாட்டா, படிப்பும் சுமார்தான், கூட்டத்துல பேசவே கூச்சப்படுவா. ஆனா கேம்ப் முடிஞ்ச அன்னிக்கு வீட்டுக்கு வந்து, "அம்மா, அம்பு விடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எல்லா சத்தமும் நின்னு போயிருதுமா" அப்படின்னா. அதைக் கேட்டுட்டு எந்த அம்மாவால சும்மா இருக்க முடியும் சொல்லுங்க. கேம்ப் நடத்தினவர் வெளியூர்க்காரர், போயிட்டார். விசாரிச்ச வரைக்கும் ஆர்ச்சரின்னு தனியா சொல்லிக் கொடுக்க பக்கத்துல ஆள் கிடைக்கல. சரி, முதல்ல வில்லை வாங்குவோம், மத்தது பின்னாடி பாத்துக்கலாம்னு நெனச்சேன். அங்கதான் முதல் தப்பு. வில்லை முதல்ல வாங்கக் கூடாது, சொல்லிக் கொடுக்குறவரைத்தான் முதல்ல தேடணும். வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போற தூரமா இருந்தாலும் பரவாயில்ல.

போன்லயே ஒரு கடைல பேசினேன். அவர் கேட்டது ரெண்டே கேள்வி, வயசு என்ன, வலது கையா இடது கையா. வில்லுல மொத்தம் எத்தனை வகைன்னு கூட எனக்கு அப்ப தெரியாது, ரிகர்வ்னா நுனி ரெண்டும் முன்பக்கமா வளைஞ்சிருக்கிற வில்லுன்னும் தெரியாது. "ரிகர்வ்ல 20 பவுண்டும் இருக்கு, 35 பவுண்டும் இருக்கு, வளர்ற புள்ளதானே, 20 எடுத்தா ஆறு மாசத்துல மாத்தணும், 35 எடுத்துருங்க, காலேஜ் வரைக்கும் வரும்"னார். எனக்கு அது ரொம்ப நியாயமா பட்டுது. யூனிஃபார்ம் தைக்கும்போது நாமளே அப்படித்தானே சொல்றோம், ரெண்டு இஞ்சு மடிச்சு தைங்கண்ணே, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்னு. செருப்பு, சைக்கிள் எல்லாமே அப்படித்தான் வாங்குறோம். வில்லும் அது மாதிரின்னு நெனச்சுட்டேன். ஆறு அம்பு, கைக்கு போடற கார்டு எல்லாம் சேத்து 13,800 ரூபா ஆச்சு.

இந்த பவுண்ட் கணக்கு என்னன்னு நான் தெரிஞ்சுகிட்டது எல்லாம் முடிஞ்சப்பறம்தான். வில் மேல 35னு போட்டிருந்தா, நாணை 28 இஞ்சுக்கு இழுக்கும்போது விரல்ல ஏறுற பாரம் 35 பவுண்ட்னு அர்த்தம், கிட்டத்தட்ட 16 கிலோ. இழுக்குற நீளம் கொறையக் கொறைய ஒரு இஞ்சுக்கு சுமாரா ரெண்டு பவுண்ட் கொறையும். நம்ம புள்ள எவ்வளவு நீளம் இழுக்கும்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கு. செவுத்துல முதுகை ஒட்டி நிக்க வச்சு ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டச் சொல்லி, இந்த நடுவிரல் நுனியில இருந்து அந்த நடுவிரல் நுனி வரைக்கும் அளந்து, அதை 2.5ஆல வகுத்தா தோராயமா வந்துரும். என் பொண்ணுக்கு 149 சென்டிமீட்டர், அதாவது 58 இஞ்சு சொச்சம், வகுத்தா இருபத்தி மூணரை. அப்படின்னா அந்த 35 பவுண்ட் வில் அவ கைல 26 பவுண்டா இருந்திருக்கும். சரி கொறஞ்சுதானே இருக்குன்னு தோணும், ஆனா அவ வயசுக்கும் உடம்புக்கும் 14, 15 பவுண்ட்ல ஆரம்பிச்சிருக்கணும். ஒரு தடவை 26 பவுண்ட் இழுக்க அவளால முடிஞ்சுது, அதனாலதான் நானும் ஏமாந்தேன். ஒரு தடவை இழுக்குறது வேற, ஒரு சாயங்காலத்துல அறுபது எழுபது தடவை இழுத்து ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு செகண்ட் ஆடாம நிக்குறது வேற.

மாடில பழைய மெத்தையை நிறுத்தி வச்சு தினம் சாயங்காலம் பழகினா. இப்ப நெனச்சா வயித்தைக் கலக்குது, மெத்தையைத் தாண்டி ஒரு அம்பு போயிருந்தா பின்னாடி தெருவுல யார் மேலயாவது பட்டிருக்கும். தயவு செஞ்சு மாடில, வாசல்ல எல்லாம் அம்பு விட விடாதீங்க, குறி தப்பினா அம்பு எங்க போய் நிக்கும்னு உறுதியா தெரிஞ்ச இடத்துல மட்டும்தான். பாரம் தாங்க முடியாததால அவ நாணை முகவாய்க்குக் கொண்டு வர முடியாம பாதியிலயே விடுவா, வில் பிடிச்ச தோளு காதைத் தொடற மாதிரி மேல ஏறிக்கும், முதுகு பின்னாடி வளைஞ்சுக்கும். நாண் வந்து முழங்கைக்கு உள்பக்கம் சுளீர்னு அடிச்சு நீலமா கன்னிப் போயிருக்கும். அம்பெல்லாம் இடது பக்கமாவே போகும். நான் பக்கத்துல நின்னுகிட்டு "இன்னும் நல்லா இழு சாமி, பழகப் பழக வந்துரும்"னு சொல்லிட்டு இருந்தேன். அந்த வார்த்தையை நெனச்சா இப்பவும் கண்ணு கலங்குது. ஜூலை கடைசில ஒரு நாள் தலை சீவும்போது வலது கையைத் தூக்க முடியலன்னா. டாக்டர் தோள்பட்டை தசை நார்ல வீக்கம்னு சொல்லி ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாதுன்னுட்டார். ஃபிசியோதெரபி, மாத்திரை எல்லாம் சேத்து 4,200 ரூபா. காசு கெடக்கட்டும், வளர்ற எலும்பு, ஏதாவது நிரந்தரமா ஆயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன். வீட்டுக்காரர்கிட்ட மூணு வாரம் சொல்லவே இல்ல.

அந்த ரெஸ்ட்ல இருந்தப்பதான் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஓடிட்டு இருந்துச்சு. கலப்பு டீம்ல அங்கிதா பகத்தும் தீரஜ் பொம்மதேவராவும் வெண்கல மேட்ச் வரைக்கும் போய் நாலாவதா வந்தப்ப இவ அழுதுட்டா. அடுத்து பாராலிம்பிக்ஸ். ஷீத்தல் தேவியைப் பாத்தோம். காஷ்மீர் பக்கம் கிஷ்த்வார் மாவட்டத்துப் பொண்ணு, 17 வயசு, பிறவியிலேயே ரெண்டு கையும் இல்ல. கால்ல வில்லைப் பிடிச்சு தோளால நாணை இழுத்து அம்பு விடுது, ராகேஷ் குமாரோட சேந்து வெண்கலம் வாங்குச்சு. எங்க மாமியார் டிவி முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டாங்க. பொண்ணு என்னைப் பாத்து, "அம்மா அது சக்கரம் வச்ச வில்லு, அதுல புடிச்சுட்டு நிக்க பாரமே தெரியாதாம்"னா. அப்பறம் தேடிப் பாத்தா, 2023 ஆசிய விளையாட்டுல மூணு தங்கம் வாங்கின ஜோதி சுரேகாவும் அந்த காம்பவுண்ட் வில்தான். தோளு வலிக்கு மருந்தே அந்த வில்தான்னு எனக்குள்ள முடிவாயிருச்சு.

காம்பவுண்ட் பத்தி அவ சொன்னது உண்மைதான், ஆனா பாதி உண்மை. அந்த வில்லோட ரெண்டு நுனியிலயும் கேம்னு ஒரு சக்கரம் இருக்கும், அது சரியான வட்டமா இருக்காது, கோணலா இருக்கும். 1960கள்ல அமெரிக்காவுல ஹோலஸ் வில்பர் ஆலன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது. இழுக்க ஆரம்பிச்ச உடனே பாரம் மேடு மாதிரி ஏறி, கடைசியில சக்கரம் உருண்டதும் திடீர்னு இறங்கிடும். 40 பவுண்ட் வில்லுல 75 சதவீதம் இறங்கும்னா கடைசியில கைல நிக்குறது வெறும் 10 பவுண்ட்தான், நிதானமா குறி பாக்கலாம். ஆனா அந்த மேட்டைத் தாண்டித்தான் பள்ளத்துக்குப் போகணும். அதோட, ரிகர்வ்ல யார் எவ்வளவு நீளம் வேணா இழுத்து நிறுத்தலாம், காம்பவுண்ட்ல நீளம் அந்த சக்கரத்துலயே செட் பண்ணியிருக்கும், அந்த நீளம் வந்தாதான் பாரம் இறங்கும். இது எனக்கு யாரும் சொல்லல. இதை ஒண்ணு மட்டும் தெரிஞ்சிருந்தா கூட போதும், நான் அந்த வில்லைத் தொட்டிருக்க மாட்டேன்.

வெளியூர்ல ஒருத்தர் பழைய காம்பவுண்ட் விக்கிறார்னு தெரிஞ்சு நவம்பர்ல போனேன். குறி பாக்குற சைட், நாணை விடறதுக்கு கையில மாட்டுற ரிலீஸ், பெட்டி எல்லாம் சேத்து 46,000. கைல அவ்வளவு இல்ல. ரெண்டு வளையலை அடகு வச்சேன். கல்யாணத்துக்கு எங்கம்மா போட்டது. கடைக்காரர் வளையலை உரசிப் பாத்துட்டு எடை போடறப்ப, புள்ளைக்காகத்தானே, இதுல என்ன இருக்குன்னு எனக்கு நானே சொல்லிகிட்டேன். வித்தவர் அவர் கையால இழுத்துக் காட்டினார், அருமையா இருந்துச்சு. அவர் ஆறடி ஆளு, வில்லு 29 இஞ்சுக்கு செட் ஆகியிருந்துச்சு, எவ்வளவு கொறச்சாலும் இருபத்தி ஆறரைக்குக் கீழ அந்த மாடல்ல போகாது. என் பொண்ணுக்கு இருபத்தி மூணரைன்னு மேலயே சொன்னேன்ல, அப்ப அவ எவ்வளவு இழுத்தாலும் பாரம் இறங்கற இடத்துக்கு வரவே மாட்டா, மேட்டு உச்சியிலேயே நின்னுகிட்டு மொத்த பாரத்தையும் சுமக்கணும். எந்த பாரத்துல இருந்து தப்பிக்க அந்த வில்லை வாங்கினேனோ அதை விட அதிக பாரத்தை அவ தலைல ஏத்தினேன். நல்ல வேளை, அவ ரெண்டு தடவை முயற்சி பண்ணிட்டு "என்னால முடியலமா"ன்னு வச்சுட்டா. நான் கோபப்பட்டேன். வளையல் போன ஆத்திரம், அவ மேல காட்டிட்டேன்.

நாண் மாத்த, சில செட்டிங் மாத்த எல்லாம் காம்பவுண்டுக்கு பிரஸ்னு ஒரு மிஷின் வேணும், வில்லை அமுக்கிப் பிடிச்சாதான் நாணைக் கழட்ட முடியும், வீட்டுல கையால பண்ணினா ஆபத்து. அந்த மிஷின் இருக்கிற இடம் பஸ்ல அரை நாள் தூரம். இதையும் முன்னாடியே யோசிங்க, சின்ன ஊர்ல இருக்கிறவங்க, சின்னதா எதாவது ஆனா எங்க போய் சரி பண்ணுவீங்கன்னு ஒரு விடை கைல இல்லாம காம்பவுண்ட் வாங்காதீங்க. ரிகர்வ் அப்படி இல்ல, 300 ரூபா ஸ்ட்ரிங்கர் கயிறு ஒண்ணு இருந்தா போதும், நாண் மாட்டறது கழட்டறது எல்லாம் இப்ப என் பொண்ணே செய்யறா.

பொங்கலுக்கு எங்க அண்ணன் குடும்பம் வந்திருந்தாங்க. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மத்தியானம், நான் அடுப்படில இருந்தேன், பட்டாசு வெடிச்ச மாதிரி பட்டுனு ஒரு சத்தம், கூடவே ஒரு அலறல். ஓடிப் போய்ப் பாத்தா அண்ணன் பையன், காலேஜ் படிக்கிறவன், கன்னத்தைப் பிடிச்சுட்டு நிக்குறான், விரல் இடுக்குல ரத்தம். வில்லு கீழ கெடக்கு, நாண் சக்கரத்தை விட்டுத் தெறிச்சு பாம்பு மாதிரி சுருண்டு கெடக்கு, வில்லோட மேல் பக்கத்து வளையுற பாகம், லிம்ப்னு சொல்வாங்க, அது நீளவாக்குல பிளந்து நார் நாரா நிக்குது. "அத்தை, சும்மா இழுத்துப் பாத்தேன் அத்தை, அம்பு கூட வைக்கல"ன்னான் நடுங்கிகிட்டே. அம்பு வைக்காததுதான் பிரச்சனையே. நாணை விட்டா அந்த விசை முழுக்க அம்புக்குள்ள போகணும், அம்பு இல்லன்னா அது மொத்தமும் வில்லுக்கே திரும்பும், காம்பவுண்டுனா ஒரே தடவையில உடைஞ்சு போகலாம். அவனுக்குக் கன்னத்துல கீறலோட போச்சு, கண்ணுக்கும் அந்தக் கீறலுக்கும் நடுவுல ரெண்டு விரல் கூட இல்ல. வீட்டுக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் வில்லைப் பாத்தா முதல்ல சும்மா இழுத்துப் பாக்கத்தான் கை போகும். பூட்டி வைங்க. யார் கைல குடுத்தாலும் அம்பு இல்லாம நாணை விடக் கூடாதுன்னு முதல்ல சொல்லிட்டுக் குடுங்க. ரிப்பேருக்கு லிம்ப், நாண் எல்லாம் சேத்து 22,000 ஆகும்னாங்க, முடியாதுன்னு உதிரி பாகத்துக்கு 9,000க்குக் குடுத்துட்டேன். அன்னிக்கு ராத்திரிதான் வீட்டுக்காரருக்கு போன் போட்டு வளையல் முதல் எல்லாத்தையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசல. அப்பறம், "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலைல்ல, விடு, முதல்ல கத்துக் குடுக்குற ஆளைப் பாரு"ன்னார். எட்டு மாசமா எனக்குத் தோணாத வார்த்தை.

பிப்ரவரில திருச்சி பக்கம் ஒரு க்ரவுண்ட்ல சொல்லிக் கொடுக்குறார்னு கேள்விப்பட்டு சனிக்கிழமை காலை பஸ்ல கூட்டிட்டுப் போனேன். ரெண்டு மணி நேரம். அந்த சார் வில்லையே எடுக்கல. அவளை நிக்க வச்சு ரெண்டு கையையும் நீட்டி முக்கோணம் மாதிரி ஓட்டை பண்ணி அது வழியா தூரத்துல ஒரு கம்பத்தைப் பாக்கச் சொன்னார், அப்பறம் கண்ணை மாத்தி மாத்தி மூடச் சொன்னார். எந்தக் கண்ணு மூடினா கம்பம் ஓட்டையை விட்டு நகருதோ அதுதான் ஓங்கின கண்ணு. இவளுக்கு வலது கை, வலது கண்ணு, பொருந்திப் போச்சு. அங்கயே இன்னொரு பையனுக்கு எழுதுறது வலது கை, ஓங்கின கண்ணு இடது, அவன் ஒரு வருஷம் வலது கை வில்லுல திணறிட்டு இப்ப இடது கை வில்லுக்கு மாறியிருக்கானாம். அஞ்சு நிமிஷ வேலை, காசு கிடையாது, வில்லு வாங்கறதுக்கு முன்னாடி வீட்டிலயே பாத்துருங்க.

மூணு வாரம் வெறும் ரப்பர் பேண்ட் மட்டும்தான் இழுத்தா. அப்பறம் மூங்கில் வில். நம்ம நாட்டுப் போட்டிகள்ல இந்தியன் ரவுண்டுன்னு மூங்கில் வில்லுக்குத் தனிப் பிரிவே இருக்கு, சைட் கிடையாது, பெரியவங்களுக்கு 30 மீட்டர், 50 மீட்டர். செலவு ரொம்பக் கம்மி, அதனாலதான் நெறைய புள்ளைங்க அதுல இருந்து வர்றாங்க. ஆனா அது இந்தியாவுக்குள்ள மட்டும்தான், வெளிநாட்டுப் போட்டிக்குப் போகணும்னா ரிகர்வோ காம்பவுண்டோ போயாகணும். ரிகர்வ்ல பெரியவங்களுக்கு 70 மீட்டர், 18 வயசுக்குக் கீழ 60 மீட்டர். காம்பவுண்ட்ல 50 மீட்டர்தான், ஆனா இலக்கு அட்டை சின்னது, 80 சென்டிமீட்டர், ரிகர்வுக்கு 122. ஒலிம்பிக்ஸ்ல 1972ல இருந்து ரிகர்வ் மட்டும்தான், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ்லதான் முதல் தடவையா காம்பவுண்ட் கலப்பு டீம் வருது. இதெல்லாம் சார் டீ குடிக்கிற நேரத்துல சொன்னது. இதோட பேர்பவ்னு ஒரு வகை, ரிகர்வேதான், சைட், வில்லு ஆடாம இருக்க மாட்டுற ஸ்டெபிலைசர் கம்பி எதுவும் இல்லாம விடறது. லாங்பவ்னு பழைய மாதிரி நீட்டு வில்லும் இருக்கு, ஆனா போட்டிக்குன்னு வர்ற புள்ளைக்கு நம்ம ஊர்ல அதுல பாதை ரொம்பக் கம்மி, ஆசைக்கு வேணா பழகலாம்.

எது வாங்கட்டும் சார்னு கேட்டப்ப, "இப்ப ஒண்ணும் வாங்காதீங்கம்மா, மூணு மாசம் க்ரவுண்ட் வில்லே போதும், அவளுக்கு எது ஒட்டுதுன்னு அவளே சொல்லுவா"ன்னார். மாசம் 500 ரூபா வாடகை. ரிகர்வ், காம்பவுண்ட் ரெண்டையும் அவ அளவுக்கு செட் பண்ணிப் பழக விட்டார். காம்பவுண்ட்ல சீக்கிரமே குறி நல்லா வந்துச்சு, அது உண்மை, சைட்ல லென்ஸ், நாண்ல பீப்னு ஒரு துளை, எல்லாம் சேந்து உதவுது. ஆனா அவளுக்குப் பிடிச்சது ரிகர்வ். விரல்ல நாணைத் தொட்டு விடறது அவளுக்கு வேணுமாம். தோளு பழையபடி ஆயிருமோன்னு நான் பயந்தேன். பாரம் சரியா இருந்தா தோளுக்கு எந்த வில்லும் எதிரி இல்லம்மான்னார். இத்தனைக்கும் காம்பவுண்டே தப்பான வில்லுன்னு நான் சொல்ல வரல, அவ கூடப் பழகுற ஒரு பொண்ணு அதுலதான் பிரமாதமா வர்றா, அவங்கப்பா மாசம் ஒரு தடவை வில்லைக் கொண்டு போய் ட்யூன் பண்ணிட்டு வர்றார், அவங்களுக்கு அந்த வசதி இருக்கு.

மே மாசம்தான் சொந்தமா வாங்கினோம். கைப்பிடி பாகத்துக்கு ரைசர்னு பேரு, மேலயும் கீழயும் வளையுறது லிம்ப். ஐ.எல்.எஃப்னு ஒரு பொதுவான பொருத்தம் இருக்கு, அந்த வகை ரைசர் வாங்கினா எந்தக் கம்பெனி ஐ.எல்.எஃப் லிம்பையும் மாட்டலாம். 23 இஞ்சு உலோக ரைசர், ஷார்ட் லிம்ப், ரெண்டும் சேந்தா 64 இஞ்சு வில். ரைசர் 12,000, 22 பவுண்ட் லிம்ப் 7,500, அலுமினிய அம்பு பன்னெண்டு 4,800, நாண் விரலை அறுக்காம இருக்க டேப்னு ஒரு தோல் துண்டு, நெஞ்சு கார்டு, சைட், அம்பு பக்கவாட்டுல ஒட்டி நிக்கிற பிளஞ்சர்னு ஒரு சின்ன ஸ்பிரிங் பின், ஸ்ட்ரிங்கர் இதெல்லாம் 5,500. வில்லு வெலையை மட்டும் பாத்து பட்ஜெட் போடாதீங்க, கூட வர்ற சில்லறைச் சாமானே பாதி வில்லு வெலைக்குப் போகும். சார் தராசு மாதிரி ஒண்ணை நாண்ல மாட்டி இழுத்துக் காட்டினார், அவ நீளத்துக்கு 15 பவுண்ட் காட்டுச்சு. வளர வளர லிம்ப் மட்டும் மாத்தினா போதும், ரைசர் அப்படியே இருக்கும். நான் யூனிஃபார்ம் கணக்கு போட்டேன்ல, அந்தக் கணக்கு இங்க ரைசருக்கு மட்டும்தான் செல்லும். பழைய லிம்பை க்ரவுண்ட்ல புதுசா வர்ற புள்ளைக்கு வித்துரலாம், நாங்க 5,000க்குக் குடுத்தோம்.

அம்பு பத்தியும் சொல்லணும், இதை யாரும் கண்டுக்கறதே இல்ல. முதல் வில்லோட வந்த அம்பு 500ன்னு நம்பர் போட்ட கார்பன் அம்பு. அந்த நம்பர் அம்பு எவ்வளவு வளையும்னு சொல்லுது, ரெண்டு தாங்கிக்கு நடுவுல 28 இஞ்சு இடைவெளி விட்டு அம்பை வச்சு நடுவுல 880 கிராம் தொங்க விட்டா எத்தனை தூரம் தொய்யுதுங்கற கணக்கு. 500ன்னா அரை இஞ்சு, 1000ன்னா ஒரு இஞ்சு. நம்பர் கூடக் கூட அம்பு அதிகமா வளையும், நாம தலைகீழா நெனச்சுருவோம். சின்னப் புள்ளையோட லேசான வில்லுக்கு விறைப்பான அம்பு வச்சா வலது கைக்காரங்களுக்கு இடது பக்கமாத்தான் ஓடும். மாடில அவ அம்பெல்லாம் இடது பக்கம் போனதுக்கு அதுவும் ஒரு காரணம், நான் அவ கவனம் சரியில்லன்னு திட்டினேன். வளர்ற புள்ளைக்கு அம்பு இழுக்குற நீளத்தை விட ரெண்டு இஞ்சு நீளமா இருக்கட்டும், கட்டையா இருந்தா இழுக்கும்போது பின்னாடி வந்து விழுந்து கையைக் குத்திரும்.

பவுண்ட் ஏத்துறதுக்கு அந்த சார் ஒரே ஒரு வழிதான் வச்சிருக்கார். முழுசா இழுத்து 30 செகண்ட் நிக்கணும், ஒரு நிமிஷம் ரெஸ்ட், மறுபடி, அப்படி அஞ்சு தடவை. கடைசித் தடவையும் வில்லு பிடிச்ச தோளு மேல ஏறாம இருந்தா அடுத்த ரெண்டு பவுண்ட். ஏறுச்சுன்னா கிடையாது, நீங்க எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. டிசம்பர்ல லிம்ப் மாத்தினோம், இப்ப கைல 20 பவுண்ட் நிக்குது, 30 மீட்டர்ல விடறா. வளையலை ஆகஸ்ட்லயே மீட்டுட்டேன், வட்டி மட்டும் 3,000. பழைய வில் 13,800, டாக்டர் செலவு 4,200, காம்பவுண்ட்ல விட்டது 37,000, இந்த வட்டி, இதான் அந்த 58 ஆயிரம்.

போன வாரம் லாஃப்ட்ல எதையோ தேடப் போய் அந்தப் போர்வை மூட்டையைக் கீழ இறக்கினா. மூணு துண்டையும் மாட்டி, ஸ்ட்ரிங்கர் போட்டு நாணை ஏத்தி, கைல பிடிச்சுட்டு என்னைப் பாத்தா. "அம்மா, இப்ப இழுக்கலாமா?" எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. சார்கிட்ட கேட்டுக்கலாம் சாமின்னேன். சனிக்கிழமை அந்த வில்லையும் தூக்கிட்டு பஸ் ஏறினோம். அவ நீளம் இப்ப 25 இஞ்சு. சார் தராசை மாட்டி இழுத்துப் பாத்தார், 29 பவுண்ட். நாணைக் கழட்டி அவ கைல குடுத்துட்டு, "இன்னும் ஒன்றரை வருஷம் போகட்டும் பாப்பா"ன்னார். அவ மறுபடி போர்வைல சுத்தி எடுத்துட்டு வந்து லாஃப்ட்ல வச்சுட்டா.